ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

நெல்லிக்கோட்டையில் கதைப்புத்தகங்கள் ஆள் பார்த்துத் திறக்க ஆரம்பித்தது, மலையிலிருந்து சாரல் இறங்கிய ஆனி மாதத்து முதல் வாரத்தில். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பெரிய பெரிய பதிப்பகத்தார் எல்லாரும் மதுரையில் ஒரு ஏசி ஹாலில் கூடி, முந்திரி பக்கோடாவும் காபியும் சாப்பிட்டுவிட்டு, இனிமேல் எந்தக் கதை, எந்த நாவல் அச்சானாலும் அதன் பின்னட்டையில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, அதை எந்த வயதுக்காரர் வாசிக்கலாம் என்று எண் அடித்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள், குழந்தைகளின் சத்துமாவு டப்பாவில் போடுவதுபோல, பனியன் பெட்டியில் போடுவதுபோல. பழைய புத்தகங்களையும் விடவில்லை; நூலகங்களுக்கு ரோல் ரோலாக ஸ்டிக்கர் வந்தது. வட்டம் ஏறிய புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டுக் கடையிலும் கிளை நூலகத்திலும் அடுக்கப்பட்டு, சன்னல் வழியாகச் சாரல் காற்று அவற்றின் மேல் பட்டதும், தங்கள் முதுகில் எழுதியிருந்ததைப் புத்தகங்கள் நம்பிவிட்டன. நடந்தது அவ்வளவுதான்.

ஊரில் அதை முதலில் கண்டவர்களில் ஒருத்தி செண்பகவல்லி. தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வயது அறுபத்தொன்று, கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தெற்குத் தெருவில் தனியாக இருப்பவள். சின்ன வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்து வளர்ந்தவள். பேசும் குரங்கின் கதையையும் விஷம் வைத்துக் கொன்றவளின் கதையையும் ஒரே மத்தியானத்தில், ஒரே சீப்பு வாழைப்பழத்தோடு முடித்தவள். அன்றைக்கு நூலகத்தில், முந்தின நாள் பாதியில் வைத்துவிட்டுப் போன துப்பறியும் நாவலைத் திறந்தாள். எழுத்துகள் அவளை ஒரு கணம் ஏறிட்டுப் பார்த்தன. பிறகு தொட்டாச்சிணுங்கி இலை கூம்புவதுபோல, சுழியும் கொம்பும் காலும் உள்ளே மடங்கி, வரி வரியாகக் கூம்பிக்கொண்டே போய், பக்கம் முழுக்க எள்ளை இறைத்த மாதிரிப் புள்ளிகளாகக் கிடந்தன. திருப்பிப் பார்த்தாள். பதினெட்டு முதல் முப்பத்தைந்து வரை என்று இருந்தது.

"உங்க ஷெல்ஃப் அந்தப் பக்கம்மா," என்று நூலகர் தலை நிமிராமல் கை காட்டினார். அவருக்கு அன்று காலையிலிருந்து அதே வேலை.

அந்தப் பக்கத்து ஷெல்ஃபில் 'அறுபதுக்கு மேல்' என்று ஒரு அட்டை தொங்கியது. அதில் இருந்த நாவல்கள் எல்லாவற்றிலும் வயதானவர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் முழங்கால் வலித்தது. எல்லாரும் காசிக்குப் போக ஆசைப்பட்டார்கள். பிள்ளைகள் செய்த துரோகத்தையெல்லாம் மன்னித்து, கடைசி அத்தியாயத்தில் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். செண்பகவல்லி அவற்றில் சிலதை நின்றபடியே வாசித்துவிட்டு, நூலகர் மேசைமேல் தொப்பென்று போட்டாள்.

"கொலை செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியணும் சார். இதுல ஒருத்தரும் ஒருத்தரையும் கொல்ல மாட்டங்காங்க. அவங்களாவே செத்துப்போறாங்க."

ஆனால் நெல்லிக்கோட்டை கோபப்படவில்லை. நெல்லிக்கோட்டைக்காரர்கள் எதையும் இரண்டே வாரத்தில் பழகிக்கொள்வார்கள், மூன்றாவது வாரத்தில் அதை வைத்து ஒரு காரியம் சாதித்துக்கொள்வார்கள். கல்யாணத் தரகர்கள் பெண் பார்க்கப் போகும்போது பையில் ஒரு 'முப்பதுக்கு மேல்' நாவலைக் கொண்டுபோனார்கள். காபி வருவதற்குள் மாப்பிள்ளை கையில் அதைக் கொடுத்து முதல் வரியை வாசிக்கச் சொன்னார்கள். இருபத்தெட்டு என்று ஜாதகத்தில் இருந்த மாப்பிள்ளை கடகடவென்று வாசித்துவிட்டு, வாசித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பதினாறு வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணியில் எல்லா விக்கெட்டையும் எடுத்துக்கொண்டிருந்த வேகப்பந்து வீச்சாளனுக்கு, பதின்மூன்று முதல் பதினைந்து வரையிலான பள்ளிக்கூடக் கதை ஒன்றைக் கொடுத்ததும் அது அவன் முன்னால் கூம்பிப்போனது. அவனுக்கு வயது இருபது என்பது அவன் அம்மாவுக்கே அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. வடைக்கடையில் பழைய நாவலின் தாளைக் கிழித்து வடை மடித்துக் கொடுத்தால், ஒரே தாளில் அண்ணனுக்கு எழுத்து தெரிந்தது, தம்பிக்கு எண்ணெய் மட்டும் தெரிந்தது. முதியோர் உதவித்தொகை அலுவலகத்தில் சான்றிதழ் கேட்பதை விட்டுவிட்டு, காசி யாத்திரை நாவலை விரித்து வைத்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல வசதியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயது முடியப்போகிற பையன்கள், பாதியில் நிற்கும் கடல்கொள்ளைக் கதையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டைத் தள்ளிவைத்து, தங்கள் பிறந்தநாளை முந்திக்கொண்டு வாசித்தார்கள். தோற்றவர்கள் புது உடுப்பும் கேக்குமாகப் பிறந்தநாள் அன்று உட்கார்ந்து அழுதார்கள். மேற்குத் தெருப் பெண் ஒருத்தி, கப்பல் மூழ்குகிற வரியில், 'மூ' என்கிற எழுத்தில் பதின்மூன்று வயதானாள். அந்தக் கப்பல் மூழ்கியதா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

செண்பகவல்லி நூலகத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் தபாலில் அவள் தங்கையின் புத்தகம் வந்தது.

தங்கை உலகம்மை திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆறு ஏழு வருசமாக ஏதோ எழுதுகிறாள் என்று மட்டும் செண்பகவல்லிக்குத் தெரியும். புத்தகத்தின் பெயர் 'சிற்றாறு ஏறிப் போனவள்'. முன்னட்டையில் ஒரு சின்னப் பெண், பாவாடையை முட்டிவரை தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நின்றாள். செண்பகவல்லி அந்தப் படத்தைப் பார்த்தபடி வெகுநேரம் வாசல் கதவைச் சாத்தாமல் நின்றாள். படத்தில் இருந்தது கோமு இல்லை. ஆனால் கோமு அப்படித்தான் பாவாடையைச் செருகுவாள், இடதுபக்கம்.

கோமு செண்பகவல்லியின் மகள். ஒரே மகள். பதினொரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மூன்றாம் நாள் போய்விட்டாள். முப்பது வருசம் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கணவர் கடைசிவரை சொல்லவில்லை. தங்கை வந்தால் மழையைப் பற்றிப் பேசுவாள், மாமன் மக்களைப் பற்றிப் பேசுவாள், சாப்பிட்டுவிட்டுப் போவாள். தெருவில் கோமு என்ற பெயருள்ள வேறு பெண்களைக்கூட, செண்பகவல்லி பக்கத்தில் இருந்தால், மற்றவர்கள் 'ஏட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள். 'அக்காளுக்கு' என்ற ஒரு சொல் மட்டும் முதல் பக்கத்தில் தெரிந்தது. அடுத்த கணம் அதுவும் கூம்பிப்போனது. மற்றதெல்லாம் எள்ளு. பின்னட்டையில் சிவப்பு வட்டம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை.

அவள் போனை எடுத்தாள்.

"ஏட்டி உலகம்மை, என்னட்டி இது?"

"யக்கா, வந்துட்டா? நான் உனக்குன்னுதான்க்கா எழுதினேன். அவங்க அப்படிப் போட்டுட்டாங்க. கேட்டா மார்க்கெட்டிங்ங்கிறாங்க."

"நீ வாசிச்சுப் பாத்தியா?"

"எனக்கும் தெரியலக்கா. அச்சாகி வந்த அன்னைக்கே மூடிக்கிட்டு. நான் எழுதினது எனக்கே புள்ளி புள்ளியாத்தான் கெடக்கு. கம்ப்யூட்டர்ல இருக்கதும் அப்படியே ஆயிட்டு."

"எழுதினவளும் வாசிக்க முடியாது, யாருக்கு எழுதினியோ அவளும் வாசிக்க முடியாது. பொறவு எவனுக்குட்டி அச்சடிச்சான்?" என்று செண்பகவல்லி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரைமேல் ஏறின. முப்பது வருசம் 'நம்பர் ப்ளீஸ்' என்று தணிந்து பேசிய குரல் அது. அதற்குள் அவ்வளவு சத்தம் மிச்சமிருந்தது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

அவள் வட்டத்தைச் சுரண்டிப் பார்த்தாள். பிளேடால் சுரண்டினாள், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள், அந்த அட்டையையே கிழித்து அடுப்பில் போட்டாள். மறுநாள் காலையில் கடைசிப் பக்கத்தில், படர்தாமரை மாதிரி, அதே வட்டம் அதே எண்ணோடு முளைத்திருந்தது. ஊரில் பலபேர் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். எண்ணைப் போட்டவனே தன் கையால் கோடு போட்டு அடித்தால்தான் போகும் போலிருக்கிறது என்று வடைக்கடையில் பேசிக்கொண்டார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு சபூராவுக்குப் பதினொரு வயது. எதைப் பார்த்தாலும் எல்லாரிடமும் சந்தேகம் கேட்பாள். நாலைந்து நாள் பிடிவாதமாக இருந்துவிட்டு, என் மகளைப் பற்றி இன்னொரு வாயால் கேட்பதா என்று தனக்குள் வீம்பு பிடித்துவிட்டு, கடைசியில் ஒரு சாயங்காலம் செண்பகவல்லி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் புத்தகத்தைக் கொடுத்தாள். சபூரா கையில் அது அல்லி மாதிரி விரிந்தது.

சபூரா நன்றாக வாசித்தாள். காய்ச்சல் கண்டு பிழைத்து எழுந்த ஒரு பெண், சிற்றாறு எங்கே பிறக்கிறது என்று பார்க்க, தண்ணீருக்கு எதிராக நடந்து போகிறாள். வழியில் அருவிக்குப் பின்னால் குடியிருக்கிற மீன்களிடம் வழி கேட்கிறாள், ஒரு யானையைக் கண்டு பயந்து நின்றுவிட்டு, பிறகு அதோடு சண்டை போடுகிறாள். பிழைத்து எழுந்த பெண். செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அப்போது சபூரா நிறுத்தினாள்.

"பெரியம்மா, இந்த இடம் தாண்டிரட்டா?"

"ஏன்?"

"ஒண்ணுமே நடக்கல. அந்தப் புள்ள போயிட்டா. வீட்டுல அவ அம்மா குழாயில ஒரு குடம் தண்ணி புடிக்கா, முத்தத்துல கொட்டுதா. திரும்பப் புடிக்கா, கொட்டுதா. பக்கம் பக்கமா இதேதான். அழக்கூட இல்ல. எதுக்குக் கொட்டுதான்னே எனக்கு விளங்கல."

செண்பகவல்லியின் கை முந்தானையிலிருந்து நழுவியது. கோமு போன பிறகு அவள் அதைத்தான் செய்தாள். வீட்டில் எல்லாரும் படுத்த மத்தியானங்களில், குடத்தை நிரப்பி முற்றத்தில் கவிழ்த்து, மறுபடி நிரப்பி, மறுபடி கவிழ்த்து, கை வலிக்கும்வரை. யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தாள். அப்போது இருபத்திரண்டு வயதாக இருந்த தங்கை, உள்ளறையில் சன்னல் ஓரத்தில் படுத்திருந்தாள்.

"தாண்டாத. அந்தப் பக்கத்தை வாசி."

சபூரா வாசித்தாள். ஆனால் விளங்காததை வாசிக்கிறவர்கள் வாசிப்பதுபோல, தடுக்கித் தடுக்கி, ரயில்வே ஒலிபெருக்கி ஸ்டேஷன் பெயரைச் சொல்வதுபோல வாசித்தாள். முடித்துவிட்டு, "பரவாயில்ல பெரியம்மா, பெரிசானா எனக்கும் விளங்கும். அப்ப நானே திரும்ப வாசிச்சுக்கிடுதேன்," என்றாள் சமாதானமாக.

"அப்ப உனக்குத் திறக்காதுட்டி," என்றாள் செண்பகவல்லி.

சபூரா அவளைப் பார்த்தாள். பின்னட்டை இருந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தாள். விளங்குகிற வயது வரும்போது புத்தகம் மூடிக்கொள்ளும், மூடாமல் இருக்கிற வயதில் விளங்காது என்பது அவள் முகத்தில் மெல்ல ஏறியது. அந்த ஏறுதலைப் பார்க்கச் சகிக்காமல் செண்பகவல்லி எழுந்து, பெட்டியிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்தாள். மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனாள்.

உலகம்மையின் புத்தகத்தைப் போட்ட முத்துப்பந்தல் பதிப்பகத்தின் அலுவலகத்தில் வரவேற்பறை முழுக்க வட்டங்கள் தொங்கின. விற்பனை மேலாளர் நவநீதன் என்பவன்தான் எண் போடுகிறவன். முப்பத்து நாலு வயது, நல்ல பிள்ளை, எழுந்து நின்று வணக்கம் சொல்லி, ஜூஸ் வரவழைத்துக் கொடுத்தான்.

"கதையில வர்ற பொண்ணுக்கு என்ன வயசும்மா?" என்று பொறுமையாகக் கேட்டான்.

"பதினொண்ணு."

"அப்ப வாசிக்கிறவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. இதுதான் எங்க கணக்கு. ரொம்ப சிம்பிள்."

"அப்ப கொலைக்கதையைக் கொலைகாரன்தான் வாசிக்கணுமா தம்பி? ராசா கதையை ராசா மட்டும் வாசிக்கணுமா? ஒருத்தர் நாயைப் பத்தி எழுதிட்டா அதைத் தெருநாய்க்கா கொண்டுபோய் விப்பீங்க?"

நவநீதன் சிரித்தான். "அப்படி இல்லம்மா. கடைக்காரங்க எந்த ஷெல்ஃப்ல வைக்கன்னு கேக்குறாங்க. பிள்ளைக்கு ஏதாச்சும் வாங்கணும்னு வர்ற அப்பா அம்மா, கடல் மாதிரி புத்தகத்துக்கு முன்னாடி முழிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு கை காட்டி விடுறோம். அதுல என்ன தப்பு?"

"கை காட்டுறது வேற. கதவைச் சாத்துறது வேற."

"சாத்தணும்னு நாங்க நினைக்கலம்மா. புத்தகங்களா அப்படிப் பண்ணுது."

"நீங்க சொன்னதை அது நம்பிட்டுது. புத்தகம் மனுசன் பேச்சை நம்பும்னு தெரியாமலா புத்தகம் விக்க வந்தீங்க?" அவள் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். "இதை நீங்க வாசிச்சீங்களா?"

"எங்கம்மா நேரம். சீசனுக்கு நூறு டைட்டில் வருது. அட்டைப்படம் பார்த்தேன். சின்னப் பொண்ணு, ஆறு, பச்சைப் பசேல்னு இருந்துச்சு. போட்டேன்."

செண்பகவல்லி ஜூஸைத் தொடவில்லை. "என் மக செத்துப்போன வயசு தம்பி அது," என்றாள். முப்பது வருசத்தில் முதல் தடவையாக, முன்பின் தெரியாத ஒருவனிடம், ஏசிக் காற்றில், அவள் அதைச் சொன்னாள். "அவளைப் பத்தி என் தங்கச்சி எனக்கு எழுதின புத்தகம். ஊருல உள்ள பதினோரு வயசுப் பிள்ளைக எல்லாம் வாசிக்கலாம். நான் வாசிக்கக் கூடாது. உங்க கணக்கு சிம்பிளாத்தான் இருக்கு."

நவநீதன் முகம் சுருங்கியது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் ஒரு புத்தகத்துக்கு வட்டத்தை எடுத்தால் எல்லாவற்றுக்கும் எடுக்கச் சொல்வார்கள் என்றான், மேலே இருப்பவர்களிடம் கேட்க வேண்டும் என்றான், கடைசியில், "வேணும்னா உங்க வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு நல்ல நாவல் தர்றேன்மா, காசி யாத்திரை பத்தி," என்றும் சொல்லிவிட்டான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் பேசாமல் ஊர் திரும்பியிருப்பாள்.

அவள் பஸ் ஸ்டாண்டுக் கடையில் அதே புத்தகத்தில் இன்னொரு பிரதி வாங்கி, பில்லோடு, நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டாள். காசு கொடுத்து வாங்கிய பொருள் வேலை செய்யவில்லை என்பது வழக்கு.

விசாரணை நாளில் நெல்லிக்கோட்டையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வந்தது. பாதிப்பேர் வேடிக்கை பார்க்க, மீதிப்பேர் வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு. உலகம்மை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து அக்காவின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பதிப்பகத்தின் வழக்கறிஞர் கறுப்பு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து, அழகாகப் பேசினார். பொருளின்மேல் எல்லாம் தெளிவாக அச்சிட்டிருக்கிறது, அச்சிட்டபடியே அது நடந்துகொள்கிறது, என்று சொல்லி, "ஆகவே குறை புத்தகத்தில் இல்லை, வாங்கியவரின் வயதில்தான் இருக்கிறது," என்று முடித்தார்.

மன்றத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. அதுவரை வேடிக்கையாக இருந்த ஏதோ ஒன்று அந்த வாக்கியத்தில் முறிந்தது. தலைவராக இருந்த அம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது; அவர் கண்ணாடிக்கு மேலாக வழக்கறிஞரைக் கொஞ்சநேரம் பார்த்தார், அவருடைய நரைத்த மீசையையும் பார்த்தார். பிறகு புத்தகத்தை வாங்கித் திறந்தார், புள்ளிகளைப் பார்த்தார், நவநீதனைக் கூப்பிட்டு, உங்கள் பொருளை நீங்கள் வாசியுங்கள் என்றார். நவநீதன் பக்கத்தைப் புரட்டினான். காதுமடல் சிவந்தது.

"வாசிக்க வரலைங்கம்மா."

"விற்கிறவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது, விசாரிக்கிற எனக்கும் தெரியாது. இதில் என்ன இருக்கிறது என்று இந்த அறையில் யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்," என்று சபூரா எழுந்தாள்.

அவள் வாசித்தாள். மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் சிற்றாறு ஓடியது. தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். வேகப்பந்து வீச்சாளன் வாயைத் திறந்தபடி கேட்டான். குடத்துப் பக்கம் வந்ததும் அவள் நிறுத்தினாள். "இது எனக்கு விளங்காதும்மா. சும்மா வாசிக்கத்தான் தெரியும். விளங்குறவங்களுக்கு இது திறக்காது. எனக்கும் ரெண்டு வருசம் போனா திறக்காது," என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று, வழக்கறிஞரைப் பார்த்து விரலை நீட்டி, "அவரு சொன்னது பொய்யி. எங்க பெரியம்மா வயசுல ஒரு குறையும் இல்ல," என்று கத்தினாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. வாங்கியவரால் வாசிக்க முடியாத புத்தகம் குறையுள்ள பொருள்தான். வாசிக்கும்படியான பிரதியைக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதிப்பகத்தார் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள். காசோலையைக் கவரில் போட்டு, ஒரு பேனாவையும் இலவசமாக வைத்துக் கொடுத்தார்கள்.

செண்பகவல்லி கவரை வாங்கவில்லை. "என் மகளுக்கு விலை போட்டுக் குடுக்கான் பாரு," என்று வாசலில் நின்று சொன்னாள், யாரைப் பார்த்தும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. பின்னால் காருக்குப் போய்க்கொண்டிருந்த மன்றத் தலைவர் ஒரு கணம் நின்று, "நானும் மூணு நாவல் வாங்கி வச்சிருக்கேன்மா. பில்லைத் தொலைச்சிட்டேன்," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

பில் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது வடைக்கடைக்காரர்தான் என்கிறார்கள், இல்லை, நாக்கைக் கடித்துக்கொண்ட அந்த மாப்பிள்ளையின் வீட்டார் என்றும் சொல்கிறார்கள். பில் இருக்கிற யாரும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கலாம், பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும், என்பது திரும்பி வருகிற பஸ்ஸிலேயே ஊருக்கு விளங்கிவிட்டது. மறுநாளிலிருந்து நெல்லிக்கோட்டைக்காரர்கள் தங்களுக்குத் திறக்காத புத்தகமாகத் தேடித் தேடி வாங்கினார்கள். தாத்தாமார்கள் பூனைக்குட்டிக் கதை வாங்கினார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் காசி யாத்திரை வாங்கினார்கள், வேகப்பந்து வீச்சாளன் பதின்மூன்று முதல் பதினைந்து வரையில் உள்ள எல்லாவற்றையும் வாங்கினான். வாங்கிய சூட்டோடு கட்டுக் கட்டாகக் கட்டி, பில்லைச் செருகி, குறையுள்ள பொருள் என்று எழுதி மதுரைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து ஊர்கள் கேள்விப்பட்டன. அதற்கும் பக்கத்து ஊர்கள் கேள்விப்பட்டன. முதலில் அது சண்டையாகத்தான் இருந்தது. ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தர் அதைத் திறக்க முடிந்தவராக இருந்தார், அவர் உரக்க வாசித்தார், மற்றவர்கள் கேட்டார்கள், கேட்ட பிறகு, இதையா எனக்கு இல்லை என்றான் என்று கோபம் இன்னும் ஏறியது. ஐப்பசி மழை தொடங்கியபோது முத்துப்பந்தல் பதிப்பகத்தின் கிடங்கில் ஆள் நுழைய இடமில்லை, வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன.

மேலே இருப்பவர்கள் கீழே இறங்கி வந்தார்கள். எண்ணை எடுத்துவிடலாம் என்றார்கள். இயந்திரம் வைத்து அழித்தார்கள், எண் திரும்பி வந்தது. புது அட்டை ஒட்டினார்கள், அதிலும் வந்தது. கடைசியில் வடைக்கடையில் பேசிக்கொண்டதுதான் சரி என்று ஆனது. நவநீதனுக்கு ஒரு நாற்காலியும் ஒரு பெட்டி கறுப்புப் பேனாவும் கொடுத்துக் கிடங்கின் நடுவில் உட்கார வைத்தார்கள். அவன் தன் கையால் ஒவ்வொரு வட்டமாக அடிக்க அடிக்க, ஒவ்வொரு புத்தகமும் மூச்சு விட்டது. உள்ளே எழுத்துகள் காலை நீட்டி, கொம்பை நிமிர்த்தி, சுழியை அவிழ்த்துக்கொள்ளும் சத்தம், ஓட்டுக்கூரையில் தூற்றல் விழுவதுபோல, கிடங்கு முழுக்கக் கேட்டது. மற்ற பதிப்பகத்தார் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் கேள்வி, யோசிக்கட்டும்.

செண்பகவல்லி போனபோது அவன் வீங்கிய விரல்களில் துணி சுற்றியிருந்தான். அவள் தன் பிரதியை நீட்டினாள். அவன் வட்டத்தை அடித்தான், இரண்டு கோடு, குறுக்கே. புத்தகம் மூச்சு விட்டது. கொடுப்பதற்கு முன்னால் சும்மா திறந்து பார்த்தவன், முதல் வரியில் நின்றான், இரண்டாவது வரிக்குப் போனான், பக்கத்தைப் புரட்டினான். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவன் நிமிரவில்லை.

செண்பகவல்லி புத்தகத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"வாசிக்கணும்னா காசு குடுத்து வாங்கி வாசி தம்பி. உன் வயசுக்கும் இப்ப திறக்கும்."

அவள் பஸ்ஸில் வாசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குளித்து, சோறு வடித்துச் சாப்பிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டு, பட்டப்பகலில் நாற்காலியை முற்றத்து வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாசித்தாள். மீன்கள் வந்தன, யானை வந்தது. குடத்துப் பக்கம் வந்தபோது மெதுவாக, ஒரு சொல்லையும் தாண்டாமல், போய்த் திரும்பி, மறுபடி முதலிலிருந்து அந்தப் பக்கத்தையே வாசித்தாள். தங்கை அதில் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கவில்லை. தண்ணீர் முற்றத்தில் ஓடி எந்த மூலைக்குப் போனது என்று மட்டும் எழுதியிருந்தாள். சரியாக எழுதியிருந்தாள். செண்பகவல்லி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முப்பது வருசம் அழாததை, சத்தமாக, எதிர்வீட்டுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு மிச்சத்தை வாசித்தாள். நாவலில் கோமு வளர்ந்தாள், தலை நரைத்தாள், ஆறு பிறக்கிற இடத்தில் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் பாகற்காய்க் குழம்பு வைத்துப் போட்டாள்.

அந்த இடத்தில் செண்பகவல்லி போனை எடுத்தாள்.

"ஏட்டி உலகம்மை, கோமுவுக்குப் பாகற்காய் பிடிக்கும்னு உன்கிட்ட எவ சொன்னா?"

"யக்கா..."

"இலையில வச்சா அத எடுத்து எனக்குத் தெரியாம உன் இலையில போடுவா. நீயும் பேசாமத் தின்னுபுட்டு இருப்ப. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியோ ரெண்டு பேரும்?"

அந்தப் பக்கம் உலகம்மை சிரித்தாளா அழுதாளா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. "அவ பெரியவளாயிட்டால்லக்கா. பெரியவளானா ருசி மாறும்லா?"

"என் மகளுக்கு மாறாது. ஒண்ணு சொல்லுதேன் கேளு, அந்த யானை வந்த இடத்துலயும் தப்புப் பண்ணிருக்க. அவ யானையைக் கண்டு பயந்து நிக்கமாட்டா. ஒரு தடவை கோயில்ல என்ன செஞ்சா தெரியுமா, நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த, உனக்குத் தெரியாது. இரு, நான் உக்காந்துக்கிடுதேன்..."